சீஸ்மிக் வேலைன்னு 85,000 ரூபாய் சுருட்டிட்டாங்க, வடசென்னைப் பசங்க உஷார்

பழைய வண்ணாரப்பேட்டையில ஒரு துணிக்கடை மாடி, அங்க ஒரு வெளிநாட்டு வேலை கன்சல்டன்சி. ஜியோபிசிக்ஸ் முடிச்ச என் தம்பிகிட்ட, ஓமன்ல சீஸ்மிக் க்ரூவுல (நிலத்துக்குள்ள அதிர்வு அனுப்பி எண்ணெய் தேடுற குழு) ஜூனியர் அப்சர்வர் (பதிவுக் கருவியைப் பார்த்துக்கிற ஆள்) வேலைன்னு சொல்லி 85,000 ரூபாய் வாங்கினாங்க. வேலையும் இல்ல, பணமும் இல்ல.

அவனை நம்ப வெச்சது மேசை மேல இருந்த ஒரு ஜியோபோன், அதாவது நில அதிர்வைப் பிடிக்கிற சென்சார். ஆரஞ்சு உடம்பு, மண்ணுல குத்துற ஸ்பைக், ஒயர் நுனியில ரெண்டு கிளிப். "இதுதான் தம்பி, அடுத்த மாசம் உன் கையில"ன்னு எடுத்து நீட்டியிருக்கான். ஃபீல்டுல உழைச்ச ஜியோபோன்னா ஸ்பைக் மழுங்கி, ஒயர்ல சிராய்ப்பு இருக்கும். இது பளபளன்னு புதுசு. காசு கொடுத்தா யாரும் ஆன்லைன்ல வாங்கலாம்.

வீடியோ கால்ல இன்டர்வியூ. ரிசீவர் (ஜியோபோன்) இடைவெளி, ஸ்வீப் (வைப்ரேட்டர் லாரி தர்ற அதிர்வு) நீளம், டெட் டிரேஸ் (சிக்னலே வராத சேனல்) வந்தா முதல்ல எதைச் செக் பண்ணுவே, ஒண்ணும் கேட்கல. "இங்கிலீஷ் பேசுவியா"ன்னு கேட்டுட்டு செலக்டட். ஆஃபர் லெட்டர்ல "ரிக்கில் 28 நாள் வேலை, 28 நாள் லீவு". ரிக்குன்னா எண்ணெய்க் கிணறு தோண்டுற இடம், வைப்ரேட்டர் க்ரூவுக்கு அங்க என்னய்யா வேலை? சர்வே முடிஞ்சு, டேட்டா பார்த்து, இடம் குறிச்ச பிறகுதான் ரிக்கே வரும். கிணத்துக்குள்ள ஜியோபோன் இறக்குற விஎஸ்பி சர்வே மட்டும் விதிவிலக்கு, அதுவும் சில நாள் சமாச்சாரம்.

சர்வீஸ் சார்ஜ் 50,000, எச்டூஎஸ் (விஷவாயு) பாதுகாப்பு டிரெய்னிங் 25,000, மெடிக்கல் 10,000. மொத்தம் 85,000, ஜிபேல, யாரோ தனி ஆள் நம்பருக்கு. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கலாம்னு சட்டம் சொல்றதே அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அதுவும் ரசீதோட. ரசீது கேட்டா "விசாவோட சேர்த்துத் தரோம்".

அப்புறம் ஆரம்பிச்சது இழுத்தடிப்பு. "விசா ஸ்டாம்பிங் போயிருக்கு." "ப்ராஜெக்ட் ஹோல்டு." அப்ப 85,000-ஐத் திருப்பிக் கொடுன்னா, "எம்.டி. துபாய்ல இருக்காரு". நேர்ல போனா ரிசப்ஷன்ல டோக்கன் கொடுத்து உட்கார வைக்கிறாங்க. கடைசியா, "விசிட் விசாவுல ஏறிடு, அங்க போய் மாத்திக்கலாம்"னான் பாருங்க, மாட்டினா ஜெயில் யாருக்கு? ஸ்டேஷன்ல "இது சிவில் மேட்டர்"னு கைகழுவிட்டாங்க.

விளக்கமா எழுத நேரமில்ல. ஏஜென்ட் லைசன்ஸ் நம்பரை மத்திய அரசோட இமைக்ரேட் தளத்துல தேடுங்க. விசிட் விசான்னு வாயெடுத்தா எழுந்து வந்துடுங்க. மெடிக்கல் ஃபீஸை மெடிக்கல் சென்டர்லயே கட்டுங்க. ஜிஎஸ்ஐ (இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம்) வேலைக்கு யுபிஎஸ்சி ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வு, ஃபீஸ் வெறும் 200 ரூபாய். ஓஎன்ஜிசி கேட் தேர்வு ஸ்கோர் வெச்சோ சொந்தமா எழுத்துத் தேர்வு வெச்சோதான் எடுக்கும், கொல்லைப்புற வழின்னு எவன் சொன்னாலும் டுபாக்கூர். பணம் போச்சுன்னா உடனே 1930, சைபர் மோசடி ஹெல்ப்லைன். சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, அவங்க பக்கம் ஒவ்வொண்ணா டெலீட் ஆகிட்டிருக்கு. நான் இப்ப வேப்பேரி கமிஷனர் ஆபீஸ் கிளம்புறேன்.