வளரும் சந்தைகளுக்கான ஒரு குறியீட்டு நிதி: வாங்கி வைத்திருப்பவரின் மதிப்பீடு

லண்டன் பங்குச் சந்தையில் ஈஐஎம்ஐ என்ற சுருக்கக் குறியுடன் வர்த்தகமாகும் 'ஐஷேர்ஸ் கோர் எம்எஸ்சிஐ எமர்ஜிங் மார்க்கெட்ஸ் ஐஎம்ஐ' என்ற ஈடிஎஃப்பை (பங்குபோலச் சந்தையில் வாங்கி விற்கக்கூடிய நிதியை) 2020 முதல் சிங்கப்பூரிலிருந்து மாதந்தோறும் சிறு தொகைக்கு வாங்கி வருகிறேன். ஆண்டுக் கட்டணம் 0.18 சதவீதம். ஏறத்தாழ மூவாயிரம் நிறுவனங்களின் பங்குகளை இது வைத்திருக்கிறது. ஈவுத்தொகை நம் கைக்கு வராமல் நிதிக்குள்ளேயே மறுமுதலீடாகிறது. தனியாள் ஒருவர் சாவோ பாவ்லோ, தைபே, ரியாத் சந்தைகளில் நேரடியாகக் கணக்குத் திறப்பது எவ்வளவு கடினம் என்பதை நினைத்தால், இந்தக் கட்டணம் மிகக் குறைவு என்றே சொல்வேன்.

அமெரிக்காவில் பட்டியலிடப்பட்ட இதே வகை நிதிகளில் கட்டணம் இன்னும் குறைவு. ஆனால் அமெரிக்காவுடன் வரி ஒப்பந்தம் இல்லாத சிங்கப்பூரில் வசிப்பவருக்கு அங்கே ஈவுத்தொகையில் 30 சதவீதம் பிடிக்கப்படும். 60,000 டாலருக்கு மேல் அமெரிக்கச் சொத்து வைத்திருந்து இறந்துபோனால் வாரிசுகள் அந்நாட்டுச் சொத்து வரியையும் கட்ட வேண்டியிருக்கும். அயர்லாந்தில் பதிவான இந்த நிதியில் அந்த இரண்டு தொல்லைகளும் இல்லை. நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் அதுவே.

குறை கட்டணத்தில் இல்லை, பெயரில் இருக்கிறது. 'வளரும் சந்தைகள்' என்ற சொல் 1981இல் உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகத்தில் பணியாற்றிய அன்டோய்ன் வான் அக்ட்மேல் உருவாக்கியது. 'மூன்றாம் உலகம்' என்ற பெயரில் ஒரு நிதியை யாரும் வாங்க மாட்டார்கள் என்று முதலீட்டாளர் ஒருவர் சொன்ன பிறகு பிறந்த சொல் அது. பெயரைக் கேட்பவர் வியட்நாமின் தொழிற்சாலைகளையும் கென்யாவின் கைப்பேசிப் பணச் சேவையையும் வாங்குவதாக நினைக்கக்கூடும். இரண்டு நாடுகளும் இதில் இல்லை. இந்த நிதி பின்பற்றும் பங்குப் பட்டியலை, அதாவது குறியீட்டைத் தயாரிக்கும் எம்எஸ்சிஐ நிறுவனம் அவற்றை இலங்கை, வங்கதேசத்துடன் சேர்த்து அதற்கும் கீழான வேறொரு தட்டில் வைத்திருக்கிறது. போடும் பணத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு சீனா, தைவான், இந்தியா, தென்கொரியா ஆகிய நான்கு நாடுகளுக்கே போகிறது. தென்கொரியாவை எஃப்டிஎஸ்ஈ என்ற மற்றொரு குறியீட்டு நிறுவனம் 2009இலேயே வளர்ந்த சந்தையாக உயர்த்திவிட்டது. வோன் நாணயத்தை வெளிநாடுகளில் தாராளமாக மாற்ற முடியவில்லை என்பது உள்ளிட்ட காரணங்களைக் காட்டி எம்எஸ்சிஐ இன்னும் உயர்த்தவில்லை.

ஆகவே இந்த நிதியை வாங்குபவர் பொருளாதார வளர்ச்சியை மட்டும் வாங்குவதில்லை. சில அரசுகளின் முடிவுகளையும், அந்த அரசுகளைப் பற்றிக் குறியீட்டு நிறுவனம் எடுக்கும் முடிவுகளையும் சேர்த்தே வாங்குகிறார். சீனாவின் உள்நாட்டுப் பங்குகளைச் சேர்க்க மூன்று முறை மறுத்த எம்எஸ்சிஐ, 2018இல் சேர்த்தது. 2020 நவம்பரில் சீனாவின் மின்பணச் சேவை நிறுவனமான ஆன்ட் குழுமத்தின் பங்கு வெளியீடு கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டது. 2021 ஜூலையில் அங்கே பள்ளிப் பாடங்களுக்கான தனிப்பயிற்சி நிறுவனங்கள் லாபம் ஈட்டக் கூடாது என்ற ஆணை வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில், எரிபொருள் விலை தொடர்பான சச்சரவில் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோப்ராஸின் தலைவரை மாற்றப்போவதாக பிரேசில் அதிபர் போல்சனாரோ அறிவித்ததும், அந்தப் பங்கு ஒரே நாளில் 20 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பின், 2022 மார்ச் 9 அன்று ரஷ்யப் பங்குகள் அனைத்தும் ஏறத்தாழ பூஜ்ய விலையில் குறியீட்டிலிருந்து நீக்கப்பட்டன. ரஷ்ய எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோமின் எரிவாயு மண்ணுக்கடியில் அப்படியேதான் இருந்தது. அதில் வெளிநாட்டவருக்கு இருந்த பங்கு மட்டும் மதிப்பிழந்தது.

சிங்கப்பூரின் மூத்த முதலீட்டாளர்களுக்கு இது பழைய பாடம். 1998 செப்டம்பரில் மலேசியா மூலதனக் கட்டுப்பாடுகளை விதித்து ரிங்கிட்டை ஒரு டாலருக்கு 3.80 என்று நிலைநிறுத்தியபோது, 'க்ளாப்' எனப்பட்ட சிங்கப்பூர்ச் சந்தை வழியாக மலேசியப் பங்குகளை வைத்திருந்த ஒன்றே முக்கால் லட்சம் பேரின் முதலீடு முடங்கியது. எம்எஸ்சிஐ அப்போது மலேசியாவை நீக்கி 2000இல் மீண்டும் சேர்த்தது. நீக்கியதும் சேர்த்ததும் குறியீட்டுக்கு வெறும் பட்டியல் திருத்தங்கள். பங்கு வைத்திருந்தவர்களுக்கு அது சேமிப்பு.

இந்தியாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டு நிதிகள் அங்கே நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு வரி கட்டுகின்றன. 2018இல் மீண்டும் வந்த அந்த வரி 2024 ஜூலையில் 12.5 சதவீதமானது. இது 0.18 சதவீதக் கட்டணத்துக்குள் அடங்காது, நிதியின் மதிப்பிலிருந்தே கழிகிறது. விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் போட வேண்டிய செய்தி இது.

நான் இதை விற்கவில்லை. என் மொத்த முதலீட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவிடாமல் தொடர்ந்து வாங்குகிறேன். சீன அரசின் முடிவுகளை ஏற்க மனமில்லாதவர்களுக்கு, ஐஷேர்ஸ் 2021 முதல் அயர்லாந்தில் பதிவான, சீனாவைத் தவிர்த்த வடிவத்தையும் விற்கிறது. ஆனால் அதில் தைவானின் எடை கூடுகிறது. இந்த நிதியிலேயே பத்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும் டிஎஸ்எம்சி என்ற ஒற்றைத் தைவான் சில்லு உற்பத்தி நிறுவனம் அங்கே இன்னும் பெரிதாகிறது. ஐந்தாண்டுக்குள் வீடு வாங்கவோ பிள்ளையின் படிப்புக்கோ தேவைப்படும் பணத்தை இரண்டிலுமே போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.