நோம்பிக்குக் கூத்தும் கச்சேரியும் ஒரே ‘பேக்கேஜ்’ என்று வருபவரிடம் உஷார்

பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் இடைப்பட்ட ஒரு ஊர். மாரியம்மன் நோம்பிக்கு (கோயில் திருவிழாவுக்கு) இரண்டு நாள் நிகழ்ச்சி வைத்து விழாக் குழு முழுசாக ஏமாந்திருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி தெருக்கூத்து, ஞாயிறு சாயங்காலம் மெல்லிசைக் கச்சேரி, இரண்டுக்கும் மேடை, மைக் செட், லைட்டு, ஜெனரேட்டர் எல்லாம் சேர்த்து 2,40,000 ரூபாய் என்று ஏஜென்ட் ஒருவர் பேசி முடித்தார். பாதி அச்சாரமாகப் போனது. மீதிப் பாதியை ஞாயிற்றுக்கிழமை ஜனம் வந்து மைதானத்தில் உட்கார்ந்த பிறகு, “பணம் வந்தாத்தான் பசங்க மேடை ஏறுவாங்கண்ணா” என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

கூத்துக்கு 14 பேர் என்று பேச்சு, வந்தது 8 பேர். சின்ன நாதஸ்வரம் போன்ற முகவீணை இல்லை. ராத்திரி பத்தரை மணிக்குப் போலீஸ் வந்து மைக் செட்டை நிறுத்தச் சொன்னது, அனுமதியே வாங்கியிருக்கவில்லை. மறுநாள் கச்சேரிக்கு 12 பேர் என்று பேச்சு. பாடுகிறவர்கள் 3 பேர், கீபோர்டு ஒன்று, எலக்ட்ரானிக் டிரம் பேடு ஒன்று, ஒரு லேப்டாப், இவ்வளவுதான் மேடையில். ஆறரைக்குத் தொடங்க வேண்டியது எட்டரைக்குத் தொடங்கி பத்து மணிக்கு முடிந்தது. ஃபிளெக்ஸில் பெரிசாகப் போட்டிருந்த டிவி பாடகர் வரவே இல்லை.

இது ஒரு ஊரில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை. மேடை ஏறுகிறவர்களும் மைக் செட் போடும் ரேடியோ செட்காரர்களும் ஒவ்வொரு சீசனிலும் பார்ப்பதுதான். இதில் இருக்கும் ஓட்டைகள் எங்கே என்று தெரிந்தால் எந்த ஊரும் தப்பிக்கலாம் என்பதால் விவரமாக எழுதுகிறோம்.

முதல் ஓட்டை தேதி. மாசியில் பொள்ளாச்சி மாரியம்மன், கோவை கோனியம்மன், பங்குனியில் ஈரோடு பெரிய மாரியம்மன், சித்திரையில் கோவை தண்டுமாரியம்மன், ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மன் என்று பெரிய கோயில்களுக்கு வரிசை இருக்கிறது. அதே மாதங்களில்தான் சுற்றுவட்டாரக் கிராமங்களும் நோம்பி சாட்டுகின்றன. சாமி காரியம் வாரத்தின் எந்தக் கிழமையில் வந்தாலும் கலைநிகழ்ச்சியைச் சனி, ஞாயிறில்தான் வைக்க வேண்டியிருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன பிள்ளைகள் சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிற நாள் அதுதான். ஆக, நல்ல குழு எல்லா ஊருக்கும் அந்த இரண்டு ராத்திரிதான் வேண்டும். ஏஜென்ட் ஒரே குழுவின் பெயரில் மூன்று ஊரில் அச்சாரம் வாங்கிவிட்டு, ஒரு ஊருக்கு மட்டும் அசல் குழுவை அனுப்பி, மற்ற இரண்டுக்கும் கிடைத்த ஆட்களைத் திரட்டி ஏற்றிவிடுவார். பெயருக்குத்தான் பணம் போகிறது, மேடையில் நிற்கும் ஆட்களுக்கு அல்ல.

அதனால் பேசும்போது குழுவின் பெயரை எழுதி நிறுத்தாதீர்கள். யார் யார் வருகிறார்கள், என்ன வாத்தியம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று எழுதுங்கள். “12 பேர் கொண்ட இசைக்குழு” என்பது ஒப்பந்தமே இல்லை. வண்டி ஓட்டுகிறவரும் வயர் சுருட்டுகிறவரும் அந்த 12-ல் வந்துவிடுவார்கள். எழுத வேண்டியது இப்படி: பாடகர் ஆண் 2, பெண் 2, கீபோர்டு 2, டிரம்ஸ் 1, தபலா 1, டோலக் 1, பேஸ் கிட்டார் 1, லீட் கிட்டார் 1, புல்லாங்குழல் 1. மொத்தம் 12, அத்தனையும் மேடை ஏறுகிறவர்கள். கடைசியில் ஒரு வரி: பதிவு செய்த டிராக் எந்தப் பாட்டுக்கும் போடக் கூடாது.

இந்தப் பட்டியல் கையில் இருந்தால், ஆட்கள் வருவதற்கு முன்பே மோசடியைக் கண்டுபிடிக்கலாம். மதியம் மூன்று, நான்கு மணிக்கு மைக் செட் இறங்கும்போது போய், எல்லா மைக்கும் வாத்தியமும் வந்து சேரும் பெட்டியான மிக்ஸரைப் பாருங்கள். மேலே சொன்ன குழுவுக்கு அதில் எத்தனை சேனல் (மைக், வாத்தியம் செருகும் இடம்) வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம். பாடகர் மைக் 4, இரண்டு கீபோர்டுக்கு 4, டிரம்ஸுக்கு 6, தபலாவுக்கு 2, டோலக்குக்கு 2, கிட்டார் இரண்டுக்கு 2, புல்லாங்குழலுக்கு 1. இருபத்தொன்று ஆகிவிட்டது. இப்படி மைக் வைத்தால் 24 சேனல் மிக்ஸர் வேண்டும். அந்த ஊரில் இறங்கியது 12 சேனல் மிக்ஸர். அதைப் பார்த்தவுடனேயே முழுக் குழு வருமா என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும். அப்போது நாலு மணிதான், ஏஜென்ட் இன்னும் போனை எடுத்துக்கொண்டிருந்த நேரம், மீதிப் பணமும் விழாக் குழுவின் கையில்தான் இருந்தது. விழாக் குழுவில் யாருக்கும் மிக்ஸரைப் பார்க்கத் தோன்றவில்லை.

டிராக் ஓடுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? லேப்டாப் இருந்தாலே மோசடி என்று சொல்ல முடியாது. இப்போது பல கீபோர்டு கலைஞர்கள் சவுண்டுக்காக லேப்டாப் வைத்திருக்கிறார்கள். ஒருவர் வயலின் கூட்டத்தையும் இன்னொருவர் நாதஸ்வரத்தையும் கீபோர்டிலேயே கையால் வாசிப்பதும் முறையான உழைப்புதான், அதைக் குறை சொல்லக் கூடாது. பார்க்க வேண்டியது வேறு. பேடு வாசிப்பவர் கையை எடுத்த பிறகும் தாளம் ஓடுகிறதா? கீபோர்டுகாரர் இரண்டு கையையும் தூக்கியபோது குழல் கேட்கிறதா? பாட்டு தொடங்கும் முன் மேடையில் யாராவது ‘ஒன், டூ’ என்று எண்ணிக் கொடுக்கிறார்களா, இல்லை ஒருவர் பட்டனை அழுத்தியதும் எல்லாரும் சேர்ந்துகொள்கிறார்களா?

இன்னும் சந்தேகமாக இருந்தால், அறிவிப்பாளர் மூலமாக ஒரு வேண்டுகோள் வையுங்கள்: இரண்டாவது இடையிசையை இன்னொரு முறை வாசித்துவிட்டு அதே சரணத்தைத் திரும்பப் பாடுங்கள். நேரில் வாசிக்கிற குழு தலையசைத்து உடனே செய்துவிடும். டிராக் போடுகிறவர்கள் பெரும்பாலும் பாட்டை முதலிலிருந்துதான் தொடங்குவார்கள். சுருதியைக் குறைக்கச் சொல்லிப் பார்ப்பது பயன் தராது, லேப்டாப்பிலேயே சுருதியை மாற்றிவிடலாம்.

சவுண்டு விஷயத்தில் ‘50,000 வாட்ஸ்’ என்று ஃபிளெக்ஸில் போடுவதை யாரும் கணக்கில் எடுக்க வேண்டாம். பெட்டியின் பின்னால் இருக்கும் பீக் வாட்ஸ், தொடர்ந்து தாங்கும் ஆர்.எம்.எஸ். வாட்ஸைப் போல நாலு மடங்காக இருக்கும். அதையும் கூட்டி ரவுண்டாக்கிப் போடுகிறார்கள். பெட்டியை எண்ணுங்கள். ஆயிரம் பேர் உட்காரும் மைதானத்துக்கு, மேடையின் ஒவ்வொரு பக்கமும் 2 டாப் (குரலுக்கான பெட்டி), 2 டபுள் பேஸ் (இரட்டை பேஸ் ஸ்பீக்கர் உள்ள பெட்டி), மேடையில் பாடகர்களுக்குத் தங்கள் குரலே கேட்க 4 மானிட்டர் என்பது குறைந்தபட்சம். மானிட்டரைத்தான் முதலில் கழிப்பார்கள், ஏனென்றால் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு அது கண்ணில் படாது. அது இல்லாவிட்டால் பாடகருக்குத் தன் குரல் கேட்காது, சுருதி விலகும், சத்தத்தைக் கூட்டச் சொல்வார், மைக் கூவும். நல்ல பாடகரைக்கூட இது கெடுத்துவிடும்.

கரண்டு இதைவிட முக்கியம், உயிர் சம்பந்தப்பட்டது. லைட்டும் சவுண்டும் சேர்ந்து ஓட 62.5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் பேசினால், பாதிச் சுமையிலேயே மணிக்கு 7, 8 லிட்டர் டீசல் குடிக்கும். 20 லிட்டர் ஊற்றி அனுப்பிவிட்டு, நடுவில் நின்றதும் “டீசல் கமிட்டி பொறுப்பு” என்பார்கள். டீசல் யாருடையது என்பதையும் எழுத வேண்டும். ஜெனரேட்டரை மேடையிலிருந்து ஐம்பது, அறுபது மீட்டர் தள்ளி நிறுத்தி மெல்லிய வயர் இழுத்தால் மேடைக்கு வரும்போது வோல்டேஜ் விழுந்துவிடும். அதிகமாக விழுந்தால் கீபோர்டு தானாக அணைந்து மறுபடி எழலாம், ஆம்ப் கட் ஆகலாம். எலக்ட்ரீசியனை வைத்து, எல்லா லைட்டும் எரியும்போது, மேடையில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சவுண்டுக்கு ஒரு ஃபேஸ் லைன், லைட்டுக்கு வேறு ஃபேஸ் லைன் என்று பிரித்தால் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் குறையலாம். மைக் உதட்டில் பட்டதும் சுர்ரென்று பிடிக்கிறது என்று பாடகர் சொன்னால் அதோடு நிகழ்ச்சியை நிறுத்துங்கள். எர்த் சரியில்லை, அல்லது எங்கோ கரண்டு கசிகிறது என்று அர்த்தம். எலக்ட்ரீசியன் கோளாறைச் சரிசெய்து, மீட்டரில் சரிபார்த்த பிறகுதான் திரும்பத் தொடங்க வேண்டும். ஏஜென்ட் தெருக் கம்பத்தில் கொக்கி போட்டுக் கரண்டு எடுக்கலாம் என்று சொன்னால், அந்த ஆளோடு பேச்சே வேண்டாம்.

அனுமதி பற்றி. “பர்மிஷனெல்லாம் நாங்க பாத்துக்கறமுங்க” என்று சொல்வதை நம்பவே நம்பாதீர்கள். ஒலி மாசு விதிகள் 2000-ன்படி ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியும் வாத்தியமும் கூடாது. விழா நாட்களுக்கு 12 மணி வரை தளர்த்தும் அதிகாரம் மாநில அரசுக்குத்தான், அதுவும் வருஷத்தில் மொத்தம் 15 நாளுக்கு மேல் இல்லை. எந்த ஏஜென்ட்டாலும் அதை வாங்கித் தர முடியாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருந்தால் இன்னும் கடுமை. எனவே விழாக் குழுவின் பெயரிலேயே ஸ்டேஷனில் மனு கொடுத்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கச்சேரியை ஆறு மணிக்குத் தொடங்கி பத்துக்குள் முடிக்கிற மாதிரி அமையுங்கள். “ஆறு மணிக்கு முதல் பாட்டு, அரை மணி தாமதத்துக்கு இவ்வளவு பிடித்தம்” என்று எழுதினால் எட்டரைக்கு வண்டி வந்து நிற்காது.

விடிய விடிய நடக்கும் கூத்துக்கு இந்தப் பத்து மணி பெரிய இடைஞ்சல்தான். ஆனால் வழி இருக்கிறது. மைக் செட் வருவதற்கு முன்பும் கூத்து நடந்ததுதான், கூத்தை நடத்தும் வாத்தியாரின் தொண்டையே ஜனத்துக்குப் போதுமானதாக இருந்தது. பெரிய மைதானத்தை விட்டுவிட்டுக் கோயில் முன் களத்தில், மூன்று பக்கமும் ஜனத்தை நெருக்கமாக உட்கார வைத்தால், பத்து மணிக்கு மேல் பெட்டியை அணைத்துவிட்டே ஆட முடியும், ஆனால் வாத்தியச் சத்தத்துக்கும் அதே விதி இருப்பதால் முதலிலேயே ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள். இதை முன்கூட்டியே வாத்தியாரிடம் சொல்ல வேண்டும். குரல் எட்டக்கூடிய ஆட்களாக அவரே தேர்ந்து கூட்டி வருவார்.

கூத்தில் ஆள் குறைந்ததை எப்படித் தெரிந்துகொள்வது என்றும் சொல்ல வேண்டும். கட்டை (மரத்தாலான அணிகள்) கட்டி ஆடும் வேஷத்துக்கு அரிதாரம் பூசி, கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி முடிக்க இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. பத்து மணிக்கு ஆட்டம் என்றால் ஏழரைக்காவது கூத்துக் குழு வந்து சாப்பிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒன்பதரைக்கு வந்து பத்துக்கு ஆடினால், அரைகுறை வேஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், முகவீணை நான்கும் இருக்கிறதா பாருங்கள். முகவீணைக்காரர்கள் குறைந்துகொண்டே வருவதால் அவர்தான் முதலில் இல்லாமல் போகிறார். கோமாளி போட்டவரே அடுத்த காட்சியில் மந்திரி, அதற்கடுத்து தூதன் என்று வந்தால் ஆள் பற்றவில்லை. பாரதக் கதையில் போர்க்காட்சியைச் சொல்லாமல் தாண்டிப் போனாலும் காரணம் அதுதான்.

ஆனால் தயவுசெய்து அந்தக் கலைஞர்கள் மேல் பாயாதீர்கள். முதல் நாள் ராத்திரி வேறு ஊரில் ஆடிவிட்டுத் தூங்காமல் வந்தவர்கள் அவர்கள். ஊர் கொடுத்த பணத்தில் அவர்கள் கைக்குப் போய்ச் சேருவது சிறு பங்கு. அந்த ஊரில் ஜனம் கூச்சல் போட்டது எட்டுப் பேரைப் பார்த்து. பணத்தை எடுத்துக்கொண்டவர் போனை அணைத்துவிட்டு வீட்டில் இருந்தார். கூத்துக்கு ஏஜென்ட் தேவையே இல்லை. சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் கூத்து நடக்கும் ஒரு ஊருக்கு ஒரு ராத்திரி போய்ப் பாருங்கள், ஆட்டம் முடிந்ததும் வாத்தியாரிடம் நேரில் வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்துத் தேதி வாங்குங்கள். கூத்தையும் கச்சேரியையும் மைக் செட்டையும் தனித்தனியாகப் பேசுங்கள். பேக்கேஜில் எது குறைந்தது, எதற்கு எவ்வளவு பிடிப்பது என்று கணக்குக் கேட்கவே முடியாது.

பணம் கொடுக்கும் வரிசை: அச்சாரம் கால் பங்குக்கு மேல் வேண்டாம். பாதி, ஆட்களையும் வாத்தியங்களையும் பட்டியலோடு எண்ணிப் பார்த்த பிறகு. கடைசிக் கால் பங்கு, கடைசிப் பாட்டுக்குப் பிறகு. மேடை ஏற மாட்டோம் என்று மிரட்டினால், ஒப்பந்தத்தில் எழுதிய வரிசையைக் காட்டலாம். எழுதாமல் விட்டால் ஜனத்துக்குப் பயந்து கொடுக்கத்தான் நேரும். 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்குங்கள். ஜிபே என்றால் குழு நடத்துபவரின் கணக்குக்கு நேராக, என்ன நிகழ்ச்சி, எந்தத் தேதி என்று குறிப்பு எழுதி அனுப்புங்கள். டிவி பாடகர் வருகிறார் என்றால், அவர் தரப்பிடமிருந்து தேதி உறுதி செய்த செய்தி கைக்கு வரும்வரை ஃபிளெக்ஸ் அடிக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: ஃபிளெக்ஸ் படம், பேசிய வாட்ஸ்அப் செய்திகள், பணம் போன விவரம், மேடையில் எத்தனை பேர் நின்றார்கள் என்று தெரியும் வீடியோ, இவற்றை இன்றே ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். முதலில் ஏஜென்டுக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ். நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகாரைப் பதியலாம். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. ஏஜென்ட் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், மனுதாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். நடந்த நாளிலிருந்து 2 வருஷம் கெடு. அச்சாரம் வாங்கிவிட்டு யாரையுமே அனுப்பாமல் தலைமறைவானவர் மேல், ஏமாற்று வழக்காக, குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் உள்ளூர் ஸ்டேஷனில் புகார் கொடுக்கலாம். முன்பின் தெரியாத ஆள் ஆன்லைனில் பேசி ஜிபேயில் வாங்கியிருந்தால், விடியட்டும் என்று பார்க்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு உடனே அடியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க முடியும்.