பறவை வரைய அச்சுப் படமா, டேப்லெட் திரையா?

புகைப்படத்தைப் பார்த்துப் பறவை வரைபவர்கள் அந்தப் படத்தை டேப்லெட்டில் வைத்துக்கொள்வார்கள், அல்லது தாளில் அச்சிட்டுக்கொள்வார்கள். மொரீஷியஸின் கியூர்பிப் ஊரில் என் மேசைமேல் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, நான் அச்சுப் படத்தின் பக்கம் வந்துவிட்டேன்.

திரையில் செலவில்லை, படத்தைக் கறுப்புவெள்ளையாக்கி ஒளிநிழலைச் சரிபார்க்கலாம், விரலால் விரித்தால் கண்வளையம்வரை தெரியும். ஆனால் அப்படி விரித்துப் பார்த்தே இறகு இறகாக வரையத் தொடங்கி, பறவையின் உருவத்தைக் கோட்டைவிட்டிருக்கிறேன்.

எனக்கு முடிவைச் சொன்னது நிறம்தான். மஹேபூர்க் கரைக்கு எதிரே உள்ள இல் ஓ ஸெக்ரெத் தீவில் எடுத்த இளஞ்சிவப்புப் புறாவின் படத்தை ஒரு மாலை திரையில் வைத்து வரைந்தேன். 1990 வாக்கில் காட்டில் சுமார் 10 மட்டுமே எஞ்சியிருந்து, பின்னர் பாதுகாப்பு முயற்சியால் மீண்ட இனம் அது. இருட்டியதும் திரை தானாக மஞ்சள் சாயலுக்கு மாறியதை நான் கவனிக்கவில்லை. காலை வெளிச்சத்தில் பார்த்தால், புறாவின் மார்பு பழுத்த பப்பாளி நிறத்தில் இருந்தது. மஞ்சள் சாயலை அணைத்துவிட்டாலும் சிக்கல் தீர்வதில்லை. திரை தானே ஒளிர்வது. வண்ணம் தீட்டிய துண்டுத்தாளை அதன்மேல் வைத்தால் துண்டு பெரும்பாலும் இருண்டே தெரியும். அச்சுப் படமும் துண்டும் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் கிடப்பதால், கலவை சரியா என்பது உடனே தெரிந்துவிடும். நீர்வண்ணம் காய்ந்ததும் வெளுக்கும் என்பதால், துண்டு காய்ந்த பிறகே ஒப்பிட வேண்டும். வண்ணப் பென்சிலில் நான் அதிகம் வேலை செய்ததில்லை. அதில் காய்வதால் வரும் மாற்றம் இல்லாததால் இந்தச் சிக்கல் குறையக்கூடும்.

அச்சுக்கும் பராமரிப்புத் தொல்லை உண்டு. வீட்டு அச்சுப்பொறியில் எடுத்த முதல் படத்தின்மேல் தூரிகையிலிருந்து ஒரு சொட்டு விழுந்து, புறாவின் சிறகு கரைந்தே போனது. இப்போது ஸ்டூடியோவில் பளபளப்பில்லாத தாளில் போட்டு, இவ்வூர் ஈரத்துக்குப் பயந்து பிஸ்கட் டப்பாவில் மூடி வைக்கிறேன். இரண்டு ஆண்டுகளில் நிறம் மங்கவில்லை. அதற்குமேல் என் அனுபவம் போகவில்லை. காலில் மாட்டிய அடையாள வளையங்களின் நிறம்கூட அதில் தெளிவாகத் தெரிகிறது (அவற்றை ஓவியத்தில் வரைவதா வேண்டாமா என்பது வேறு வழக்கு).

விரித்துப் பார்க்கும் வசதிக்குப் பதிலாக ஒவ்வொரு பறவைக்கும் இரண்டு அச்சு போடுகிறேன்: ஒன்று முழு உருவம், மற்றொன்று தலை மட்டும். முழு உருவத்தை வரைந்து முடிக்கும்வரை இரண்டாவதை டப்பாவிலிருந்து எடுப்பதில்லை.