ஹோம்ஸ்கூல் பிள்ளைக்குக் கல்லூரி கிரெடிட்: ஏபியா, கிளெப்பா, டூயல் என்ரோல்மென்ட்டா?

அமெரிக்காவில் வீட்டிலேயே படிக்கும் பிள்ளை, ஹைஸ்கூலை முடிப்பதற்குள் கல்லூரி கிரெடிட் (பட்டப் படிப்பில் கணக்கில் சேரும் பாட அலகு) சேர்க்க மூன்று வழிகள் பரவலாக இருக்கின்றன. எதில் இறங்கினாலும், சேர விரும்பும் நான்கைந்து கல்லூரிகள் எந்தக் கிரெடிட்டை ஏற்கின்றன என்பதை முதலில் அவற்றின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

செலவில் மலிவு கிளெப் (CLEP), அதாவது கல்லூரிப் பாடத்தைத் தானாகப் படித்துத் தேர்வு மட்டும் எழுதிக் கிரெடிட் பெறும் வழி. மொத்தம் 34 தேர்வுகள். பெரும்பாலானவை 90 நிமிடம். மதிப்பெண் 20 முதல் 80 வரை. 50 எடுத்தால் பல கல்லூரிகள் ஒரு பாடத்துக்கு 3 கிரெடிட் தருகின்றன. ஆண்டு முழுவதும் எழுதலாம். மாடர்ன் ஸ்டேட்ஸ் தளத்தின் இலவசப் பாடத்தை முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கு வவுச்சரும் கிடைக்கும். தவறினால் 3 மாதம் கழித்துத் திரும்ப எழுதலாம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: மதிப்பெண்ணை எந்தக் கல்லூரிக்கு இலவசமாக அனுப்ப வேண்டும் என்று தேர்வுக்கு முன்பே குறிக்கச் சொல்வார்கள். தேறுவோம் என்ற நம்பிக்கை இல்லையென்றால் அதை வெறுமையாக விடுங்கள். மொழித் தேர்வுகளில் ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் உண்டு, தமிழ் இல்லை. போட்டி மிகுந்த தனியார் பல்கலைக்கழகங்கள் பல கிளெப்பை ஏற்பதில்லை. அரசுக் கல்லூரியைக் குறிவைப்பவர்களுக்கே இது முழுப் பயன் தரும்.

ஹைஸ்கூலிலேயே கல்லூரித் தரத்தில் படித்து எழுதும் தேர்வு ஏபி (AP). இதற்கு மதிப்பு கூடுதல், வாய்ப்பு மே மாதத்தில் மட்டும். 1 முதல் 5 வரை மதிப்பெண். 3 போதும் என்னும் கல்லூரிகள் பல, 4 அல்லது 5 கேட்பவையும் உண்டு. ஏபி வகுப்பில் படிக்காமலே தேர்வை மட்டும் எழுதலாம். சிக்கல் இடம் பிடிப்பதில்தான். வெளி மாணவரை உட்கார வைக்கும் கட்டாயம் பள்ளிகளுக்கு இல்லை. தேர்வுக்கான பதிவு நவம்பர் நடுவில் முடிந்துவிடும் என்பதால் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே அருகிலுள்ள பள்ளிகளின் ஏபி ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். முதல் பள்ளி மறுத்தால் அடுத்ததற்கு நேரம் வேண்டுமே. இன்னொன்று, சிலபஸை, ஏபி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் தணிக்கைக்கு அனுப்பி ஒப்புதல் வாங்காமல் பிள்ளையின் டிரான்ஸ்கிரிப்டில் (பாடங்களும் கிரேடுகளும் அடங்கிய பட்டியல்) ‘ஏபி’ என்று போடக்கூடாது.

ஹைஸ்கூலில் இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் ஈராண்டுக் கல்லூரி) மாணவராகச் சேர்ந்து பாடம் படிப்பதுதான் டூயல் என்ரோல்மென்ட். எங்கள் பார்வையில் ஹோம்ஸ்கூல் பிள்ளைக்கு அதிகம் கைகொடுப்பது இதுவே: அம்மாவோ அப்பாவோ போட்ட கிரேடுகளுக்கு நடுவே வெளிப் பேராசிரியர் தந்த கிரேடு ஒன்று இருந்தால் சேர்க்கைக் குழு டிரான்ஸ்கிரிப்டை நம்பும். அறிவியல் லேப் வீட்டில் அமையாத குறையும் தீரும். கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். புளோரிடாவில் டியூஷன் இலவசம். கல்லூரியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். ஜார்ஜியா பொதுவாக 30 கிரெடிட் வரை நிதி தருகிறது. கலிபோர்னியாவில் பள்ளி முதல்வரின் கையெழுத்து கேட்பார்கள். வீட்டுப் படிப்பைத் தனியார் பள்ளியாக அறிவிக்கும் அஃபிடவிட்டைத் தாக்கல் செய்த பெற்றோர் முதல்வராகக் கையெழுத்திடலாம்.

இதில் ஆபத்தும் பெரிது. கிளெப்பில் தவறியது வெளியே தெரியாமல் போகும். இங்கே வாங்கும் எஃப் (தோல்வி) கல்லூரிப் பதிவில் நிலைத்துவிடும். பிற்காலத்தில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் ஹைஸ்கூல் வயதில் எடுத்த கல்லூரிப் பாடங்களின் டிரான்ஸ்கிரிப்டையும் கேட்பார்கள். பாதியில் விலகி வாங்கும் டபிள்யூகூடப் பின்னாளில் நிதியுதவிக்கான தேர்ச்சி விகிதத்தைக் குறைக்கலாம். மாணவர் பதிவுகளின் அந்தரங்கத்தைக் காக்கும் பெர்பா (FERPA) சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த பிள்ளை 15 வயதானாலும் பதிவுகள் மீதான உரிமை பிள்ளைக்கே. பிள்ளையின் ஒப்புதல் இல்லையென்றால் கல்லூரி உங்களிடம் பேச மறுக்கலாம். சேரும்போதே ஒப்புதல் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆகவே முதல் பருவத்தில் பிள்ளைக்கு நன்றாக வரும் பாடம் ஒன்றே ஒன்று போதும். பதிவில் எதுவும் ஏறாமல் விலகுவதற்கான கடைசி நாளைக் காலண்டரில் குறித்து, அதற்கு முன் வரும் முதல் தேர்வின் மதிப்பெண்ணைப் பார்த்துத் தொடர்வதா விடுவதா என்று முடிவெடுங்கள்.