தேர்ந்த கையா, தடுமாறும் கையா?

பாலெடுக்க ரப்பர் மரப் பட்டையைச் சீவக் கற்கும்போது யாரைப் பார்ப்பது நல்லது, கை தேர்ந்தவரையா, நம்மைப் போலப் புதிதாக உளி பிடிப்பவரையா? மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் எனக்கு இரண்டுமே வாய்த்தன.

அத்தை சீவினால் பட்டை ஒரே சீராகச் சுருண்டு விழும், இடது மேலிருந்து வலது கீழாக ஏறக்குறைய 30 டிகிரி சரிவு, உளி எங்கும் தயங்காது. சரியான அசைவின் படம் மனதில் அப்படியே பதியும். ஆனால் அந்த வேகத்தில் எதைக் கவனிப்பது? பார்த்துக் கற்பதில் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா முதலில் வைத்ததே கவனத்தைத்தான், அப்புறம்தான் நினைவு, செய்துபார்த்தல், ஊக்கம்.

பக்கத்து நிரையில் பழகிய தம்பி வேறு ரகம். ஒருநாள் ஆழமாக இறக்கிவிட்டான், வெள்ளைக் கட்டை தெரிந்தது. "டேய், மரத்துக்குக் காயம்டா, அந்த இடம் முண்டுமுண்டா வளரும்!" என்று அத்தை கத்தினார். பால் ஓடுவது பட்டையில்தான், அதற்கு உள்ளே இருக்கும் வளர்படலத்தை, அதாவது புதுப் பட்டையை வளர்க்கும் மெல்லிய அடுக்கை, தொடவே கூடாது என்பது எனக்கு உறைத்தது அன்றுதான். தவறும் திருத்தமும் சேர்ந்து கண்ணில் பட்டால் தம்பிதான் நல்ல வாத்தியார்; திருத்த ஆளில்லை என்றால் அவன் கோணலையே நாமும் பிடித்துக்கொள்வோம்.

என் ஓட்டு: முதலில் அத்தை, பிறகு தம்பி. நடுநடுவே வெட்டப்போகும் கிழட்டு மரத்தில் நாமே சீவிப் பழக வேண்டும், சும்மா நின்று பார்த்தால் உளியின் அழுத்தம் கைக்கு வராது.