அஸ்வாராவா, பிரிக்ஃபீல்ட்ஸா?

பேராக்கின் சுங்கை சிப்புட் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ஆட்டம் அமைத்துக் கைதட்டல் வாங்கிய பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள்: இசைநாடகம் இயக்க எங்கே போய்க் கற்பது? கோலாலம்பூரில் இரண்டு வழி: அரசின் கலைக் கல்விக்கூடமான அஸ்வாரா, இல்லையென்றால் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் இந்திய நடனமும் இசையும் சொல்லித்தரும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்.

செலவு: அஸ்வாரா அரசுக் கல்விக்கூடம், கட்டணத்தைவிடக் கோலாலம்பூர் அறை வாடகைதான் கடிக்கும். பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டே, 1981இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் மாலையில் கற்கலாம்.

நுழைவு: முன்னதற்கு எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) வேண்டும், மலாயில் தடுமாறக் கூடாது. பின்னதற்குப் பொறுமை வேண்டும். பரதத்தின் அடிப்படை அசைவான அடவு சுத்தமாகவே ஆண்டுகள் ஓடிவிடும்.

கிடைப்பது: இதில்தான் நான் தயங்குவேன். அஸ்வாராவில் நடனம், நாடகம், இசை மூன்றும் ஒரே வளாகத்தில். ஒளியமைப்பு படிக்கும் தோழன் பக்கத்து அறையில் இருப்பான். டெம்பிளிலோ பெரிய நாட்டிய நாடகம் உருவாவதை உள்ளிருந்தே பார்க்கலாம்: ஐம்பது பேரை எப்படி நகர்த்துவது, பாட்டு முடியுமுன் காட்சியை எப்படி மாற்றுவது. அமெரிக்காவின் இசைநாடக இயக்குநர் பாப் ஃபாஸியும் ஆடித்தான் தொடங்கினார். 1954இல் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் நடனம் அமைத்தார், 1959இல்தான் இயக்குநரானார்.

சான்றிதழைப் பார்த்தால்தான் வீட்டில் சம்மதிப்பார்கள் என்றால் அஸ்வாரா. பரதம் ஏற்கெனவே உடம்பில் ஊறியிருந்து, சம்பளத்தையும் விட முடியாதென்றால் பிரிக்ஃபீல்ட்ஸ். ஊரிலிருந்தே வார இறுதியில் ரயிலில் போய்வரலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள்; டிக்கெட்டுக்கே சம்பளம் கரையும்.