மாறிப் பெயர் மோதலுக்கு ஒரு மருந்து: ஹாஸ்கெலின் ‘பவுண்ட்’ நிரலகம்

சார்புகளை (ஃபங்ஷன்) மட்டுமே கொண்டு கணக்கிடும் சிறு மொழியான லாம்டா கால்குலஸுக்கு, அதை இயக்கும் இன்டர்ப்ரெட்டரை எழுத முதன்முறை உட்காருபவர்கள் பெரும்பாலும் மாறியை வெறும் ஸ்ட்ரிங்காகவே வைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ‘லாம்டா அ. லாம்டா ஆ. அ’ என்பது அ, ஆ இரண்டையும் ஒவ்வொன்றாக வாங்கி அ-வைத் தரும் சார்பு; அதற்கு ‘ஆ’ என்ற கட்டற்ற (எந்த லாம்டாவும் அறிமுகப்படுத்தாத) மாறியைக் கொடுத்தால், எதைக் கேட்டாலும் அந்த வெளி ‘ஆ’வையே தரும் சார்பு கிடைக்க வேண்டும். என் நிரலோ ‘லாம்டா ஆ. ஆ’ என்று, வாங்கியதை அப்படியே திருப்பித் தரும் சார்பை நீட்டியது. மோதும் பெயர்களை மாற்றும் நிரலைக் கையால் எழுதிச் சலித்த பிறகே, ஹாஸ்கெல் நிரல்மொழிக்கு எட்வர்ட் கிமெட் உருவாக்கிய ‘பவுண்ட்’ நிரலகத்தின் பக்கம் வந்தேன்.

இதன் வேர், டச்சுக் கணிதவியலாளர் டி புரைன் 1972இல் வெளியிட்ட முறையில் இருக்கிறது. மாறிக்குப் பெயர் வைக்காமல், அதைக் கட்டும் லாம்டா எத்தனை லாம்டாக்களுக்கு அப்பால் இருக்கிறது என்று எண்ணி எழுதுவதே அது; 0இலிருந்து எண்ணினால், மேற்சொன்ன சார்பு ‘லாம்டா லாம்டா 1’ ஆகிறது. பெயரில் மட்டும் வேறுபடும் சார்புகள் இங்கே எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிடுகின்றன. ஆனால் ஒரு கோவையை (எக்ஸ்பிரஷன்) லாம்டாவுக்குள் கொண்டுபோகும்போதெல்லாம் அதன் கட்டற்ற எண்களை உயர்த்த வேண்டும். அதில் ஒன்று பிசகினாலும் நிரல் முறையிடாமல் தவறான விடையைத் தரும்.

பவுண்ட் அந்தக் கணக்கை ‘ஸ்கோப்’ என்ற டைப்புக்குள் (தரவு வகை) அடக்கிவிடுகிறது; உயர்த்த மறந்த நிரல் பெரும்பாலும் கம்பைல் ஆகாது. ‘அப்ஸ்ட்ராக்ட்’ பெயரைக் கட்டுகிறது, ‘இன்ஸ்டான்ஷியேட்’ கட்டை அவிழ்த்து மதிப்பை வைக்கிறது. சார்பை மதிப்பில் செலுத்தும் படி, பக்கம் நிறைந்த நிரலிலிருந்து ஒரே வரிக்குச் சுருங்கியது. மாறியின் இடத்தில் கோவையை வைக்கும் பதிலீட்டை, கோவையின் மோனாட் (செயல்களைக் கோத்துச் செல்லும் ஹாஸ்கெல் அமைப்பு) செயலாகவே அமைத்தது இதன் அழகு. தவிர, பதிலீடாக வரும் கோவையின் ஒவ்வொரு மாறியையும் தேடிப்போகாமல், முழுக்கோவையையும் ஒரேயடியாக உயர்த்திவிடுகிறது.

குறைகளும் உண்டு. மோனாட் பழகாதவருக்கு ஸ்கோப்பின் டைப்பே சுவராக நிற்கும், அதில் எழும் கம்பைலர் பிழைச்செய்திகள் நீளமானவை. ஒப்பிடவும் அச்சிடவும் கூடுதல் இன்ஸ்டன்ஸ்களை (அச்செயலை அந்த டைப்புக்கு வரையறுக்கும் நிரல்) அமைக்க வேண்டும். பயனர் வைத்த பெயர் பிழைச்செய்தியில் தெரிய வேண்டுமானால், ஒப்பீட்டில் கணக்கில் கொள்ளப்படாத ‘நேம்’ என்ற உறையையும் சேர்க்க வேண்டியிருக்கும். வேகமே முக்கியம் என்றால், பதிலீட்டை விட்டுவிட்டு மதிப்புகளை என்விரான்மென்ட்டில் (மாறிகளின் மதிப்புப் பட்டியல்) வைத்து, சார்புகளை அந்தப் பட்டியலோடு சேர்ந்த குளோஷர்களாக இயக்குவதே மேல். டைப்புகள் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கும் டைப் செக்கர் எழுதுபவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்; முதல் இன்டர்ப்ரெட்டரை எழுதுபவர் மட்டும் ஒருமுறை கையால் எழுதிப் பார்த்துவிட்டு வரட்டும்.